மருதம்பட்டையைப் பொடிக்கும் முன்

திண்டுக்கல்லின் நாட்டு மருந்துக் கடைகளில் மருதம்பட்டை கேட்டு வருகிறவர்கள் நோயின் பெயரைச் சொல்வது குறைவு. நெஞ்சு படபடங்குது, பிரஷர் ஏறி இறங்குது, ராத்திரி படுத்தால் மனசு அடங்க மாட்டேங்குது என்ற மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அதை ஒட்டியே அடுத்த கேள்வி வந்துவிடும்: பொடியா இருக்கா? இருக்கிறது, ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும். இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த அந்தப் பொடி பாக்கெட்டில் அடைபட்டுத் தயாராகத் தொங்குகிறது. எங்கள் தொழில் அதை விற்பதை நிறுத்த வேண்டும் என்பது என் முடிவு. மரத்திலிருந்து வந்த உருவத்திலேயே பட்டையை வாங்கி வைத்து, கேட்டு வருகிறவர் கையில் ஒரு துண்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லி, அவர் கண் முன்னால் ஒன்றிரண்டாக இடித்துக் கொடுக்க வேண்டும். இது வியாபாரத்துக்கு இடைஞ்சல்தான். நேரம் பிடிக்கும், கை வலிக்கும், நாலு பேர் நிற்கும் நேரத்தில் இரண்டு பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஆனாலும் இந்தப் பட்டையைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம் அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன.

முதலில் பெயரிலிருந்து தொடங்க வேண்டும், சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மருது என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து மரங்கள் இருக்கின்றன. மருந்துக்கு உரியது நீர்மருது என்றும் வெண்மருது என்றும் சொல்லப்படுவது, வடமொழியில் அர்ஜுனம். கருமருது அதே குடும்பத்து மரம்தான், தச்சு வேலைக்குப் பேர் போனது. பூமருது என்ற பெயரைச் சில ஊர்களில் ஒரு மரத்துக்கும் வேறு ஊர்களில் இன்னொரு மரத்துக்கும் வைத்திருக்கிறார்கள். நீர்மருது பெயருக்கேற்றபடி ஆற்றங்கரை மரம். திருவிடைமருதூரில் அதுவே தலவிருட்சம். ஸ்ரீசைலம், திருவிடைமருதூர், திருப்புடைமருதூர் மூன்றையும் மருதின் பெயரால் ஒரே வரிசையில் வைத்துச் சொல்வது சைவ மரபு. நம் மாவட்டத்திலும் கீழ்ப்பழனி மலைச்சரிவிலிருந்து இறங்கி அய்யம்பாளையம் பக்கம் அணையில் தேங்கும் ஆற்றுக்கு மருதாநதி என்றுதான் பெயர். ஆனால் அந்தக் கரைகளை விட்டு விலகித் திண்டுக்கல் சமவெளிக்கு வந்துவிட்டால் செம்மண்ணும் கரட்டு நிலமும்தான். இங்கே ஆவாரையும் வேலமும் உசிலும் வளரும் அளவுக்கு மருது வளராது. ஆகவே ஊர்க்கடைக்கு வரும் மருதம்பட்டை பெரும்பாலும் யாரோ, எங்கோ உரித்து, கை மாறி மாறி மூட்டையில் வந்த சரக்கு. மரத்தைப் பார்க்க முடியாத இடத்தில் இருந்து வியாபாரம் செய்கிறவனுக்கு மரத்தைப் பற்றி மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்தப் பட்டைத் துண்டுதான்.

அந்தச் சாட்சி நிறையப் பேசும். நீர்மருதின் புறப்பட்டை வழுவழுப்பானது, சாம்பல் நிறம், சில இடங்களில் வெளிர் பச்சையோ வெள்ளையோ ஓடும். மரம் நிற்கும்போதே மேல்தோலைத் தகடு தகடாக உதிர்த்துப் புதுத்தோல் காட்டும் வழக்கம் அதற்கு உண்டு, அதனால்தான் ஆழ்ந்த வெடிப்புகள் இருக்காது. உட்புறம் இளஞ்சிவப்பு, நீளவாக்கில் மெல்லிய நார்க்கோடுகள். ஒடித்தால் வெளிப்பகுதி அடுக்கடுக்காகப் பிரியும், உட்பகுதி சட்டென்று முறியும். நாக்கில் வைத்தால் முதலில் துவர்ப்பு பிடிக்கும், பின்னாலேயே கசப்பு. கருமருதின் பட்டை இதற்கு நேர் எதிர். கறுத்து, தடித்து, முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிரித்துவிடும். பொடித்துவிட்டால்? இரண்டும் துவர்க்கும், இரண்டும் சிவந்த பழுப்பு. அப்போது அனுபவசாலியின் கண்ணும் நாக்கும்கூடத் தடுமாறும். ஒரு பொருளை எளிதாக அடையாளம் காட்டும் உருவத்தை அழித்துவிட்டு, அடையாளம் காண முடியாத உருவத்தில் அதை விற்பதற்கு வலுவான காரணம் வேண்டும். வசதி என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை.

கலப்படம் என்பது வெறும் அச்சம்தானா, உண்மையில் நடக்கிறதா என்று கேட்கலாம். அசோகப்பட்டையின் கதையைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பெண்களின் மாதவிலக்குக் கோளாறுகளுக்கு வழங்கப்படும் அந்தப் பட்டைக்கு உரிய அசோக மரம் காடுகளில் அருகிவிட்டது. அழகுக்காகச் சாலையோரங்களிலும் கல்லூரி வளாகங்களிலும் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கத்தின் பட்டை அதன் இடத்தில் நுழைந்தது. குடும்பம் வேறு, குணம் வேறு, ஒற்றுமை என்று பார்த்தால் மக்கள் வாயில் அதுவும் அசோகம் என்று வழங்கியது ஒன்றுதான். சந்தையில் வாங்கிய அசோகப்பட்டை மாதிரிகளை டி.என்.ஏ. முறையில் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் பெரும்பகுதி அசோகமே இல்லை என்று காட்டியது. சமையலறையிலும் இதே கதை. பிரியாணிக்குப் போடும் பட்டையில் இலங்கைக் கருவாப்பட்டை மெல்லிய தாள்கள் சுருண்டதுபோல இருக்கும், காசியா வகை தடித்த ஒற்றைத் தகடாக இருக்கும். முழுதாக வாங்கினால் ஒரு பார்வை போதும். காசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் மிகுதி என்பதால் அதிக அளவில் தொடர்ந்து உண்பது கல்லீரலுக்கு ஆகாது என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2006-இல் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைப் படித்த வீட்டுக்காரர் கையில் இருப்பது பட்டைத்தூள் என்றால் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

பட்டை வாங்குவதில் இந்த ஊருக்குப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. திண்டுக்கல் தோல் பதனிடும் ஷாப்புகளின் ஊர். குரோமியம் வந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததுதான் இன்றைக்கு எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. அதற்கு முன்னால் தென்னாட்டுத் தோல் பதனிடும் தொழிலைத் தாங்கி நின்றது ஆவாரம்பட்டை. கொன்றைப் பட்டையும் சேர்ந்தது, பதனிடும் வேலையின் கடைசிக் கட்டத்தில் கடுக்காய், பிற்காலத்தில் வாட்டில் பட்டை. தோல்காரருக்குப் பட்டையில் வேண்டியது டானின் என்ற துவர்ப்புச் சத்து. அதுதான் தோலின் புரதத்தோடு பிணைந்து அழுகாமல் இறுக்கும். பட்டை முற்றியதா இளசா, மழையில் நனைந்து சத்து இறங்கிப் போனதா, குச்சியும் மண்ணும் எவ்வளவு என்று கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். சரக்கு தப்பினால் குழியில் கிடக்கும் தோல் அத்தனையும் நட்டம். இடிப்பது வாங்கிய பிறகு நடக்கும் வேலை. செத்த ஆட்டுத்தோலுக்கு வேண்டியிருந்த அந்த எச்சரிக்கை, உயிரோடிருப்பவர் நெஞ்சுக்குக் கொடுக்கும் பட்டைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். மருதிலும் அந்த டானின்தான் மிகுந்திருக்கிறது. அந்தச் செய்திக்குப் பின்னால் திரும்பி வருகிறேன், அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

சரி, இந்தப் பட்டை உண்மையில் மனத்தை அமைதிப்படுத்துகிறதா? இங்கே எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அளவோடு பேச வேண்டும். பழைய நூல்கள் மருதைத் தூக்க மருந்தாகச் சொல்லவில்லை. ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த வாக்படர் அதை இதய நோய்க்குச் சொன்னார். பதினோராம் நூற்றாண்டில் வங்கத்தின் சக்ரபாணிதத்தர் பாலிலோ நெய்யிலோ வெல்லநீரிலோ சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். அதைத் தவிர எலும்பு முறிவு, ஆறாத புண் கழுவுதல், இரத்தக் கழிச்சல் ஆகியவற்றுக்கும் வழங்கியது. துவர்ப்பும் குளிர்ச்சியும் உடைய பட்டை எங்கே கசிகிறதோ அங்கே இறுக்கும், எங்கே கொதிக்கிறதோ அங்கே தணிக்கும் என்பது அந்தப் பார்வை. படபடக்கும் நெஞ்சு தணிந்தால் மனமும் தணியும் என்று மக்கள் கண்டதால், தூக்கத்துக்கும் கவலைக்கும் என்று அதன் பெயர் நீண்டது. மூளையைத் தொட்டு அமைதிப்படுத்தும் மூலிகை எப்படி இருக்கும் என்பதற்குச் சர்ப்பகந்தா வேர் இருக்கிறது. அதன் இரத்த அழுத்தக் குணத்தைப் பற்றி மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டு உலகெங்கும் மனநோய்க்குக்கூடக் கொடுக்கப்பட்டது, மனச்சோர்வை உண்டாக்குகிறது என்ற கவலையும் கூடவே எழுந்தது. மருது அந்த வகை இல்லை. அது கண்ணைச் சொருக வைக்காது. ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லையே என்று கேட்பவருக்கு நாம் சொல்ல வேண்டிய பதில், இது அதற்கான மருந்தே இல்லை என்பதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இந்தூர் மருத்துவர்கள் 1995-இல் கடுமையான இதயச் செயலிழப்புள்ள 12 பேரிடமும், 2002-இல் நெஞ்சுவலியுள்ள 58 ஆண்களிடமும் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து நற்பலன் கண்டதாக எழுதினார்கள். சிறிய ஆய்வுகள், குறுகிய காலம். டெல்லி எய்ம்ஸில் 100 நோயாளிகளிடம் 12 வாரம் நடந்து 2016-இல் வெளியான கட்டுப்பாட்டு ஆய்வில், வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தும் இதயத்தின் இறைக்கும் திறன் கூடவில்லை. நடக்கும் தெம்பும் அறிகுறிகளும் சிலருக்கு மேம்பட்டன. நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது, அடக்கத்துக்கும் இடம் இருக்கிறது. இந்த இடத்தில் பொடி விற்பவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: ஆய்வுகளிலேயே மாத்திரைக் கூட்டில்தானே கொடுத்தார்கள், அப்படியானால் பொடிக்குத்தானே சான்று? அந்தக் கூட்டுக்குள் இருந்தது பச்சைப் பொடி இல்லை, பட்டையின் சாரம். எய்ம்ஸில் கொடுத்தது தண்ணீரில் எடுத்துத் தரப்படுத்திய சாரம். அதாவது அடையாளம் காணப்பட்ட பட்டையை ஊறவைத்தோ காய்ச்சியோ வடித்து உலர்த்தியது. வீட்டு அடுப்பில் அதற்கு நெருக்கமாக நிற்பது கஷாயம்தான். மரத்தூளை வெந்நீரில் கலக்கி அப்படியே விழுங்குவது இந்த ஆய்வுகளில் எதனோடும் ஒத்துப்போகாது. சான்றைத் துணைக்கு அழைப்பவர்கள் சான்று எதைத் தொட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிட நேர்மையானது. வரும் நிம்மதியில் பாதி சூடான பாலுக்கும், கூடச் சேர்க்கும் சீரகம் சோம்பு வாசத்துக்கும், அடுப்படியில் பத்து நிமிடம் நின்றதற்கும் உரியது இல்லையா என்று சில மருத்துவர்கள் கேட்பார்கள். இருக்கலாம். அதை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை, மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு பங்கு பட்டை, எட்டுப் பங்கு பால், முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, பால் அளவு மிஞ்சும்வரை சிறுதீயில் காய்ச்சுவது வடமொழி நூல்கள் தரும் பால் கஷாயம். நம் வீடுகளில் நான்கு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்றவைப்பது வழக்கம். அந்தக் காத்திருப்பும் வாசமும் இளஞ்சூடும் மருந்தின் பகுதி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவசரமாக ஒரு ஸ்பூன் பொடியை விழுங்குகிறவர் அந்தப் பாதியையும் இழக்கிறார். மறுப்பவர் சொல்வது சரியென்று எடுத்துக்கொண்டாலும் பொடியின் பக்கம் வலுப்பதில்லை.

இப்போது அந்த ஆபத்து. படபடப்பு ஒரு நோயில்லை, பல நோய்களின் கதவுத் தட்டல். நம் பெண்களிடம் அதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று இரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த இரத்தத்தை ஈடுகட்ட இதயம் வேகமாக ஓடுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தோலின் புரதத்தைப் பிடிக்கும் அதே டானின் உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பையும் பிடித்து, உடம்பில் சேரவிடாமல் செய்யும். சோகையால் படபடப்பவர் சாப்பாட்டோடு சாப்பாடாக மருதைக் குடித்து, அதன் மேலேயே அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரையையும் போட்டால், தணிய வேண்டியது தணியாமல் நீளும். தைராய்டு மிகை, தாளம் தப்பும் இதயம், அடைப்பின் முதல் அறிகுறி என்று வேறு காரணங்களும் படபடப்பாகவே வந்து நிற்கும். ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் தானாகவே அதை நிறுத்திவிட்டு மருதுக்கு மாறுவது இன்னும் கேடு. ஆகவே கொடுக்கும் முன் நாலு கேள்வி கேட்டாக வேண்டும். என்ன மாத்திரை ஓடுகிறது, டாக்டர் பார்த்தாரா, இரத்தம் குறைவு என்று யாராவது சொன்னார்களா, கர்ப்பமா. பட்டையை இடிக்கும் அந்த ஐந்து நிமிடம் இந்தக் கேள்விகளுக்கு இடம் தருகிறது. தொங்கும் பாக்கெட்டைப் பிடுங்கிக் கொடுக்கும்போது அந்த இடம் கிடைப்பதில்லை. இடிப்பதால் நேரம் வீணாகிறது என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான், அந்த நேரத்துக்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. இரும்பு மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள் என்று சொல்வதும், நெஞ்சில் பாரமும் வலியும் இருந்தால் பட்டையை விற்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் அந்த வேலையில் சேர்ந்தவை.

மரபைக் காட்டியும் மறுப்பார்கள். சூரணம் நம் முன்னோர் முறைதானே, பொடி எப்படிப் பிழையாகும்? பிழையே இல்லை, வைத்தியர் தாமே பட்டையைத் தெரிந்தெடுத்து, தாமே இடித்துச் சலித்து, கொடுக்கும் நாளையும் அறிந்திருந்தவரை. சித்த மருத்துவம் ஒவ்வொரு மருந்து வடிவத்துக்கும் ஆயுள் குறித்திருக்கிறது. குடிநீர் என்னும் கஷாயத்துக்கு மூன்று மணி நேரம், சூரணத்துக்கு மூன்று மாதம். இன்று பாக்கெட்டில் தொங்கும் பொடி எந்த மாதம் அரைத்தது என்று விற்பவருக்கே தெரியாதபோது அதைச் சூரணம் என்று அழைக்க மரபு இடம் கொடுக்காது. பட்டைத் துண்டிலும் தூசியும் பூஞ்சணமும் இருக்குமே என்றால், இருக்கும். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்தைத் தள்ளிவிடலாம், தூசியைக் கழுவிக் காயவைக்கலாம். அரைத்த பூஞ்சணத்தை என்ன செய்வது? சீனத்தின் மருந்துக் கடைகளையும் பார்க்கலாம். நம் வாகையின் நெருங்கிய உறவான பட்டுவாகையின் பட்டையை அவர்கள் மனக்கவலைக்கும் தூக்கமின்மைக்கும் கொடுக்கிறார்கள், பெயரிலேயே மகிழ்ச்சி என்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே இழுப்பறையில் இருப்பது சீவிய பட்டைத் துண்டுகள். நிறுத்துத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள், வீட்டில் காய்ச்சிக்கொள்வார்கள். நகரத்து வேகத்தில் வாழ்கிறவர்களும் அதைச் செய்கிறார்கள். காய்ச்ச யாருக்கும் நேரமில்லை என்பதை நாம் கொஞ்சம் அவசரமாகவே நம்பிவிட்டோம்.

பெரிய நிறுவனங்கள் ஆய்வகத்தில் சோதிக்கின்றனவே என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். உரிமம் பெற்று மருந்து செய்கிறவர்கள் மருந்து, அழகுசாதனப் பொருள்களுக்கான 1945 விதிகளின் டி (T) அட்டவணைப்படி மூலப்பொருளைச் சோதித்தாக வேண்டும். நம் பக்கத்திலேயே காந்திகிராமத்தில் லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைச் செய்கிறது. அப்படி உரிமத்தோடும் தொகுதி எண்ணோடும் வரும் சூரணத்தை நான் குறை சொல்லவில்லை, காய்ச்ச இயலாத முதியவர்களுக்கு அதுவே நல்லது. என் பேச்சு மூட்டையில் வந்து, பெயர் தெரியாத மில்லில் அரைபட்டு, கடைப் பெயர்கூட இல்லாத கவரில் விழும் பொடியைப் பற்றியது. சாம்பல் சோதனை, அமிலச் சோதனை, நுண்ணோக்கி எதுவும் சிறு கடைக்காரனிடம் இல்லை. அவனிடம் இருக்கும் கருவிகள் கண், விரல், நாக்கு. அவை வேலை செய்ய வேண்டுமென்றால் பட்டை முழுதாக இருக்க வேண்டும்.

மரத்தின் பக்கமிருந்தும் ஒன்று சொல்லியாக வேண்டும். இலை தயாரித்த உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. மரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் வேர் பட்டினி கிடந்து மரம் செத்துவிடும். ஒரு பக்கமாக நீளவாக்கில், உள்தோலை விட்டு மேலடுக்கை மட்டும் எடுத்தால் மருது தோலை மீண்டும் வளர்த்துக்கொள்ளும், அந்த வகையில் அது பெருந்தன்மையான மரம். எப்படி உரித்தார்கள் என்பதைத் துண்டே ஓரளவு சொல்லும். அகன்று கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தால் பருத்த அடிமரம். குழாய் போல வளைந்து மெலிந்திருந்தால் கிளையோ இளமரமோ. உட்பக்கத்தில் கட்டை ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் உள்தோலோடு சேர்த்து மரம்வரை வெட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, இந்த மாதிரிச் சரக்கு வேண்டாம் என்று மொத்த வியாபாரியிடம் திருப்பிச் சொல்ல முடிவது கடைக்காரனால்தான். திண்டுக்கல்லில் பத்துக் கடைகள் அப்படித் திருப்பினால் அந்தச் சொல் மூட்டை கட்டுமிடம்வரை போகும். அரைத்து வாங்குகிறவனுக்குத் திருப்புவதற்குக் காரணமே கண்ணில் படாது. ஆகவே வாங்கும்போது கையகலத் துண்டாகவே கேட்க வேண்டும். விற்கும்போது இடித்த தேதியைப் பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதி, முழுத்துண்டு ஒன்றையும் உள்ளே போட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை வேறு எங்கே வாங்கினாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள அவருக்கு அது உதவும்.